காவலுக்கு ஒன்று

செகாம்புட்டில் எங்கள் வரிசையில்
மூன்றாவதாக எங்கள் வீடு உடைபட்டது.
கம்பிக்கதவை அறுத்து வந்தவன்
அடுப்பிலிருந்த மீன் குழம்பையும்
ருசி பார்த்துப் போயிருந்தான்.
நகை போனால் போகுது,
என் சட்டியில் கை விட்டானே என்றாள் கோசலை.
அந்த ஞாயிறே நாய் வாங்கப் போனோம்.

ராவாங் தாண்டி, செம்பனைக்குள் ஒரு தகரக் கொட்டகை.
வளர்ப்பவர் பெயர் யாப். ரப்பர் பூட்ஸ், வாயில் பற்குச்சி.
எட்டு ரோட்வைலர் குட்டிகள்.
பெரிய தலையன் ஒருவன்
என் செருப்பைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தான்.
இவன்தான் வீரன் என்றேன்.
யாப் சிரிக்கவில்லை.
சாவிக்கொத்தைத் தகரத்தின் மேல் வீசினார்.
வீரன் தாயின் வாலுக்குப் பின்னால்.
ஒரு குட்டி மட்டும்
துள்ளிப் பின்வாங்கி, நின்று, யோசித்து,
மெல்ல நடந்து போய்ச் சாவியை முகர்ந்தது.

பயப்படாத நாய் பைத்தியம்.
பயந்துவிட்டுத் திரும்பி வருது பார், அது நாய்.
மலாயில் சொன்னார்.
தமிழில் எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரமானது.

பிறகு என்னைத் துருவ ஆரம்பித்தார்.
சுவர் எவ்வளவு உயரம்?
நாள் முழுக்கச் சங்கிலியா? அப்படியென்றால் கிடையாது.
பிள்ளைக்கு என்ன வயது?
வீட்டில் சத்தம் போடுவது யார்?
கோசலை என்னைப் பார்த்தாள்.
கவினேஷ் தரையைப் பார்த்தான்.
நான் விலையைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன்.

முனியாண்டி என்று பெயர் வைக்க நினைத்தேன்.
சாமி குத்தம் என்றாள் இவள்.
மகன் பூரி என்று கூப்பிட்டான், அது திரும்பியது.
இன்றைக்கு நாற்பத்தெட்டு கிலோ பூரி.

சொல்லாமல் விட்ட செலவுகள் நிறைய.
லைசென்சுக்கு இரண்டு நாள் லீவு.
சுவரில் இன்னும் நாலு வரிசைக் கல்.
வாரம் ஆறு கிலோ கோழிக் கழுத்து.
பக்கத்து வீட்டு மாக்சிக் ரோஸ்னாவிடம் போய்
தயங்கித் தயங்கிச் சொன்னேன்.
அது உன் பக்கம் இருக்கட்டும்,
நோன்புப் பெருநாளுக்கு நீ என் பக்கம் வா என்றார்.
வேலியில் தகரம் அடித்துக் கொடுத்தேன்.

விடிகாலை ஐந்து மணிக்கு நடை.
எதிரே வருகிறவர்கள் சாலையைக் கடந்து
அந்தப் பக்கம் போகிறார்கள்.
ஐந்தடி நாலங்குலம், கப்பல் கம்பெனியில் கிளார்க்.
பிறந்ததிலிருந்து யாரும் எனக்கு வழி விட்டதில்லை.
அந்த ருசியை மறைக்க மாட்டேன்.
நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

திருடன் வரவில்லை.
வந்தது தேர்வுத் தாள். கணிதம் முப்பத்தொன்று.
ரோத்தான் அலமாரிக்கு மேல்,
கை தன்னாலேயே போகும் இடத்தில்.

ஓங்கினேன்.
நடுவில் பூரி.
குரைக்கவில்லை. பல்லைக் காட்டவில்லை.
விலா என் முழங்காலில் அழுந்த
குறுக்கே நின்றது, சந்துக்குள் லாரி நிற்பதுபோல.
தள்ளினேன். நகரவில்லை.
என் முகத்தைப் பார்க்கவே இல்லை,
கையைப் பார்த்தது.
தகரத்தின் மேல் விழுந்த சாவியைப் பார்த்த
அதே பார்வை.

சோறு போடுறவன் நான்டா என்று கத்தினேன்.
நாயிடமா, பிள்ளையிடமா,
எனக்கே தெரியவில்லை.

ரோத்தான் சில நாள் அங்கேயே கிடந்தது.
பிறகு காணோம். நான் கேட்கவில்லை.

வாசல் ஓரமாகத்தான் அதற்குப் பாய் விரிக்கிறோம்.
தினமும் பல்லால் இழுத்துக் கொண்டுபோய்
மாடிப்படி அடியில் போட்டுக்கொள்கிறது.
காவலுக்கு வாங்கினது உள்ளே வந்து படுக்குதே என்று
ஒரு ராத்திரி, எல்லாரும் தூங்கிய பிறகு,
அந்தப் பாயில் நானே உட்கார்ந்து பார்த்தேன்.

கேட் தெரிகிறது.
கவினேஷின் அறைக்கதவு தெரிகிறது.
என் நாற்காலியும்.