கவராயம்

கடிதத்துக்கு ஒன்றரை ரூபாய்.
காட்பாடியில், தொழுநோயாளர் பிள்ளைகள் விடுதியில்
நன்றியை இங்கிலீஷாக்குவது
என் ஞாயிற்றுக்கிழமை வேலை.

பெரும்பாலும் ஒரே கடிதம்தான்.
நலம், நலமறிய ஆவல்.
அனுப்பிய பணத்தில் பாவாடை, செருப்பு, நோட்டு.
பாலாற்றில் தண்ணீர் இல்லை.
இந்த ஒரு வரியை மட்டும்
யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

பூங்காவனம், ஏழாம் வகுப்பு, எழுதியிருந்தாள்:

ஐயா, ஜாமெட்ரி பாக்ஸ் வந்தது.
லீவுக்குக் காலனிக்கு எடுத்துப் போனேன்.
அப்பாவுக்கு வியாதி ஆறிவிட்டது,
கையில் உணர்ச்சிதான் திரும்பவில்லை.
ஒவ்வொன்றாக எடுத்து
இது எதுக்கு, இது எதுக்கு என்று கேட்டார்.
கவராயம் உள்ளங்கையில் ஏறியிருந்தது.
அப்போதும் கேட்டுக்கொண்டே இருந்தார்.
நோட்டில் சிவப்பைப் பார்த்து நான்தான் கத்தினேன்.
இப்போது முனையில் ரப்பர் குத்தி வைத்திருக்கிறேன்.
வட்டம் போட மட்டும் எடுப்பேன்.
கணக்கில் எழுபத்தொன்று.

வார்டன் எஸ்தர் ஜெபமணி
நடுவில் பென்சிலால் கோடு போட்டார்.
'பாவம், பயந்துடுவாங்க.
பணம் நின்னா அவ படிப்பும் நிக்கும்.'

தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
பெட்டி வந்தது. கணக்கில் எழுபத்தொன்று.
அவ்வளவுதான் போயிற்று கப்பலில்.
ஒன்றரை ரூபாயை வாங்கிக்கொண்டேன்.

ஐந்து மாதம் கழித்துப் பதில்:
ஒரு வட்டம் வரைந்து அனுப்பேன்,
என் மேசைக்கு எதிரே ஒட்டிக்கொள்கிறேன்.

வரைந்தாள்.
வார்டன் பார்த்து, அழகு என்றார்.
நான் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன்.
வட்டத்தின் நடுவே, முனை இறங்கிய இடத்தில்
ஊசித்துளையாய் வெயில்.

அதை மொழிபெயர்க்கச் சொல்லி
யாரும் கேட்கவில்லை.
மடிக்காமல் உறையில் வைத்தேன்.