பகலொளி சேமிப்பு: இல்லை

பர்கூர் தாண்டியதுமே கூழ் வாசனை வந்துவிட்டது.
ஜூன். பெங்களூரா ஏற்றிய லாரிகள்
கேட்டிலிருந்து டீக்கடை வரை வரிசையில் நிற்க,
ஈக்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.
ஓசூரிலிருந்து வருகிறேன். போன் ரிப்பேர்.

கேட் அறையில் புதுப் போன்.
புதிது என்பது இந்த ஊருக்கு.
கடல் தாண்டிக் கூழ் வாங்குகிற கம்பெனி
ஆபீஸ் மாற்றியபோது கழித்து அனுப்பிய
பன்னிரண்டில் ஒன்று.
திரையில் 11.40.
என் கையில் 10.40.

"சாட்டிலைட் டைம் சார், தப்பா இருக்காது"
என்றார் காவலர் அன்வர் பாஷா.

மெனு. அமைப்பு. தேதியும் நேரமும்.
நேர மண்டலம் சரியாகவே இருந்தது:
ஐந்தரை கூட்டல்,
சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி.
கிருஷ்ணகிரி இல்லை. எந்தப் போனிலும் இருந்ததில்லை.
அடுத்த வரி:
பகலொளி சேமிப்பு. ஆம்.
நாட்டை மாற்றியவர்
கோடையை மாற்ற மறந்திருக்கிறார்.

"பகலைச் சேமிக்கறதா? எதுல?"
அந்த ஊர்களில் வெயில் காலம் வந்தால்
கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள்,
சாயங்கால வெளிச்சம் வீணாகாமலிருக்க என்றேன்.
அன்வர் பாஷா வெளியே பார்த்தார்.
தார் ரோடு பளபளத்துக்கொண்டிருந்தது.
"இதையா? மொத்தமா எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

நான் பொத்தானைத் தொடும்போது
"இருங்கண்ணா" என்று ஒரு குரல்.
முழங்கை வரை மஞ்சளாய்,
தலையில் பிளாஸ்டிக் தொப்பியோடு
தோல் சீவும் பிரிவு நாகவேணி.
"மாத்தறதுக்கு முன்ன
அது காட்டற மணியப் போட்டோ எடுத்துக்கறேன்."

திங்கள்கிழமை எட்டுக்கு வந்தார்கள், நாற்பத்து மூன்று பேர்.
பதிவேட்டில் ஒன்பது.
செல்போனை நீட்டிக் காட்டினார்கள்.
"கேட்டுல என்ன மணியோ அதுதான் மணி"
என்றாராம் கணக்கர் பத்ரிநாத்.
ஒரு மணிக்கூலி வெட்டு.
சரி, சாயங்காலம்?
சங்கு ஊதுகிற பாய்லர்காரர்
தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐந்துக்கு ஊதினார்.
பதிவேட்டில் ஆறு.
அந்த ஆறு செல்லாது.
ஓவர்டைமுக்கு முன்கூட்டியே கடிதம் வேண்டும்.

காலையில் மட்டும் ஓடுகிற கடிகாரம்.
பதினெட்டு வருஷத்தில்
இப்படி ஒரு பழுதை நான் பார்த்ததில்லை.

போட்டோ எடுத்தாள். திரையில் மாம்பழ விரல் ஒட்டியது.
ஆம் என்பதை இல்லை ஆக்கினேன்.
சேமிக்கவா என்று கேட்டது போன்.
அதற்கும் அந்த வார்த்தைதான் கிடைத்தது.
அழுத்தினேன்.
11.52 இருந்த இடத்தில் 10.52.
சத்தம்கூட இல்லை.

"அப்ப அந்த மணி எங்கண்ணா போச்சு?
இதுக்குள்ள இருக்கா?"
இல்லைம்மா என்றேன்.
போனைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள்,
யாரோ ஒரு அயல்நாட்டுக்காரர் ஒட்டிய
அறை எண் மட்டும் இருந்தது.

வேலைச்சீட்டை எடுத்தேன்.
பழுது: நேரம் ஒரு மணி அதிகம்.
தீர்வு: அமைப்பு மாற்றப்பட்டது.
குறிப்பு என்றொரு கட்டம் உண்டு,
எப்போதும் கோடு போட்டு விடுவேன்.
இன்று எழுதினேன்:
திங்கள் முதல் வியாழன் வரை
இக்கருவி தவறான நேரம் காட்டியது.
பாதிக்கப்பட்டது 43 பேர், 4 நாள்,
172 மணி நேரம்.

மேனேஜர் லாரிக்காரரோடு எடைச்சண்டையில் இருந்தார்.
பேனா கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார்,
படிக்காமல், முத்திரையோடு.

வெள்ளை கம்பெனிக்கு. ரோஸ் எனக்கு.
மஞ்சள் நகல் ஆபீஸ் கோப்புக்குப் போகவேண்டியது.
அது எப்படியோ
நாகவேணியின் தொப்பிக்குள் போய்விட்டது.

திரும்பி வரும்போது குருபரப்பள்ளியில் டீ குடித்தேன்.
மணி பார்க்கவில்லை.
கைப்பேசி அடித்தது, அந்தக் கம்பெனி எண்.
இரண்டாவது முறையும் அடித்தது.
டீயை முடித்துவிட்டு எடுத்தேன்.