பதினோரு மணிப் படகு

ஆறு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை.
காப்பீட்டுக்காரன் சொன்ன எண் அது, கடல் சொன்னதல்ல.
சோக்கலஸ்கீ படித்துறையில்
ஒவ்வொருவருக்காகக் கைகொடுத்து இறக்குகிறேன்:
ஒஹையோவிலிருந்து ஒரு குடும்பம்,
நான்கு தலை, நான்கும் புதுத் தொப்பி;
பறவைக்காக விடுப்பெடுத்த ஒரு செவிலி;
கடைசியாக, மளிகைக்கடைக் காகிதப் பையோடு ஒருவர்.
வார்ட் ஹென்ஷா என்று பட்டியலில் இருந்தது.
குளிர்பெட்டியில் வைத்துவிடட்டுமா என்றேன்.
சாப்பாடு இல்லை என்றார்.

கேப்டன் எங்கே என்று யாராவது கேட்பார்கள்.
இன்று தொப்பிகளில் ஒன்று கேட்டது.
நான்தான், டகெட், என்று கயிற்றை அவிழ்த்தேன்.

அலையாத்தி நெருங்கும் இடத்தில்
எஞ்சினைத் தணித்துப் பேச ஆரம்பிப்பேன்.
பத்தொன்பது வருடமாக அதே பேச்சு.
பத்தாயிரம் தீவுகள் என்று பெயர்,
எண்ணி முடித்தவன் எவனும் இல்லை,
ஒரு புயலுக்கு இரண்டு குறையும்
ஒரு விதைக்கு ஒன்று கூடும்.
சிரிக்க இடம் விட்டுத்தான் சொல்வேன்.
டால்பினுக்கு வாக்குக் கொடுப்பதில்லை;
வந்துவிட்டால்
நான் கூப்பிட்டது போல நின்றுகொள்வேன்.

வந்தன, மூன்று.
சேற்றுத் திட்டில் கரண்டிவாயன்கள் இளஞ்சிவப்பாய் நின்றன.
"யாரோ சிவப்புத் துணியோடு சேர்த்துத் துவைத்துவிட்டார்கள்"
என்றாள் செவிலி, தொலைநோக்கியை இறக்காமல்.
பிறகு ஒரு கடற்பசு,
மூச்சுக்கு மட்டும் மேலே வந்து போனது.
முதுகில் ப்ரொபெல்லர் இழுத்த பழைய கோடுகள்.
அதற்கு என் பேச்சில் வரி இல்லை.
எஞ்சினில் கைவைத்து நிற்பவள் நான்.

வெளித்தீவில் மணல் வெள்ளையாய்க் காத்திருந்தது.
விதி ஒன்றுதான்:
வெறும் ஓடென்றால் உங்களுடையது,
உள்ளே குடியிருந்தால் அவர்களுடையது.
ஒஹையோப் பையன் சங்கோடு ஓடிவந்தான்.
வேறு கடல்களில் ஆயிரத்தில் ஒன்றாம்,
இங்கே எல்லாமே வலம்புரி,
அதனால் யாருக்கும் வியப்பில்லை.
கறுத்த சதை கதவைச் சாத்திக்கொண்டது.
அவனே கொண்டுபோய் விட்டான், முகத்தைத் தூக்கிக்கொண்டு.

ஹென்ஷா மட்டும் எதையும் பொறுக்கவில்லை.
தீவின் கோடிக்குப் போய்
மண்டியிட்டு
பையிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்து
மணலில் வைத்துக்கொண்டிருந்தார்.
தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது, கூப்பிடப் போனேன்.

"லீனோர் பொறுக்கியது. இதே தீவு.
தொண்ணூற்றாறு, மார்ச்.
குளியலறை ஜன்னலில் இருந்தது எல்லாம்.
வீட்டை விற்றாயிற்று."

சிப்பிகள். ஆலிவ் ஓடுகள். உடைந்த மணல்காசு.
நடுவில் ஒரு புலிச்சோழி,
உள்ளங்கை நிறைய, பீங்கான் மினுக்கு.
இந்தக் கடலில் புலிச்சோழி கிடையாது.
அடியில் பாதி உரிந்த சீட்டு:
மூன்று டாலர் தொண்ணூற்றைந்து.

அவருக்குத் தெரியுமா என்று முகத்தைப் பார்த்தேன்.
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார், அவ்வளவுதான்.
அதற்கு மட்டும் இரண்டு தடவை இடம் மாற்றினார்.
"பத்து நிமிஷம்" என்றேன்.
காலிப் பையை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
திரும்பும் வழியில் கழுகுக்கூட்டை எல்லோருக்கும் காட்டினேன்,
அவரும் பார்த்தார்.

அடுத்த வியாழன்,
டாம்பாவிலிருந்து வந்த ஒரு சிறுமி
மூச்சிரைக்கக் கொண்டுவந்து நீட்டினாள்.
சீட்டைத் தண்ணீர் தின்றிருந்தது.
"இது என்ன?"
என் புத்தகத்தைப் புரட்டிவிட்டாள், படகில் கட்டித் தொங்குவது.
அதில் இல்லை.
ஆறு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

உள்ளே யாராவது இருக்கிறார்களா பார் என்றேன்.
பல்வரிசைப் பிளவில் அவள் விரல் நுழையவில்லை.
ஒரு கண்ணை மூடி,
பிறகு மற்றதை மூடி,
காதில் வைத்து,
வெகுநேரம் பார்த்தாள்.
"தெரியவில்லை" என்றாள்.

தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.
சரி, மடியில் வைத்துக்கொள், கீழே போடாதே என்றேன்.
எஞ்சின் அன்று
இரண்டாம் தடவைதான் பிடித்தது.