தொண்ணூறு டிகிரி

கத்தி வைக்குமுன் கிழவர் ஒன்றே ஒன்று கேட்டார்:
"முனைகள் சேரணும்.
மற்றபடி எலும்பை எடு, இரும்பை வை,
உன் பாடு."

வலது முழங்காலில் எட்டு முனை நட்சத்திரம்.
இடதிலும் அதுவே, சற்றுக் கோணல்.
குத்தியபோது கறுப்பாக இருந்திருக்கும்,
இப்போது தேங்கிய நீரின் பாசி.
எவனுக்கும் மண்டியிட மாட்டேன் என்று பொருள்.
பெர்ம் நகரத்தில் எங்கள் ஆஸ்பத்திரித்
தரை துடைக்கும் பெண்ணுக்குக்கூட அது தெரியும்.

நான் ரெஸேதா.
வெட்டுவது என் வேலையில்லை.
வெட்டி முடித்த முழங்காலை
மடக்கவைப்பது.

மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தோம்.
இருபத்தேழு கிளிப், நேர்கோடு.
நட்சத்திரத்தின் இடப்பாதி
வலப்பாதியைவிட ஒரு நூல் கீழே இறங்கியிருந்தது.
வெனியமின் லுகிச் கண்ணாடி கேட்டார்.
நெடுநேரம் பார்த்தார்.
"உள்ளே இப்படிக் குத்தியிருந்தால்
குத்தியவன் விரல் போயிருக்கும்" என்றார்.
பிறகு உப்பில்லாக் கஞ்சியை
வழித்துச் சாப்பிட்டார்.

மை எதில் செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை.
காலை நான் தூக்கத் தூக்க
பல்லைக் கடித்துக்கொண்டு அவரே சொன்னார்:
பூட்ஸ் குதிகாலை எரித்த கரி,
கொஞ்சம் சர்க்கரை,
குத்திக்கொள்பவனின் சொந்த மூத்திரம்.
"அடுத்தவனுடையது ஆகாது. சீழ் வைக்கும்."
ஊசிக்கு கிதாரின் மெல்லிய கம்பி,
ஓட்டுவதற்குச் சவர மெஷினின் மோட்டார்.
கதவருகே ஒருவன் நிற்பான்.
காவலன் செருப்புச் சத்தம் கேட்டால்
இருமுவான்.

மார்பில் தேவாலயம், மூன்று கோபுரம்.
பக்தி என்று நினைத்தேன், முதல் நாள்.
கோபுரத்துக்கு ஒரு தண்டனையாம்.
மூன்றாவதன் உச்சியில் சிலுவை இல்லை:
நுரையீரல் அரித்துப்போய்
பாதியிலேயே வெளியே தள்ளிவிட்டார்கள்.

இடது தோளில் மட்டும் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாத இடத்துக்கு
அவ்வளவு வழவழப்பு ஆகாது.
உள்ளங்கை அளவு, பாலாடைபோல் சுருங்கிய தோல்.
"அங்கே என்ன இருந்தது?"
"பத்தொன்பது வயசு."
தனக்குத் தகாததைக் குத்திக்கொண்டான் ஒரு பையன்.
அவன் கையில் செங்கல் கொடுத்தார்கள்.
விடியும்வரை நேரமும் கொடுத்தார்கள்.
கடைசிவரை படர்க்கையிலேயே சொன்னார்.

நாற்பது. நாற்பத்தைந்து.
வியாழன் திரும்ப நாற்பது.
மடங்காத காலுக்கு மாடிப்படி இல்லை,
கழிப்பறை இல்லை, பஸ் இல்லை
என்று எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னேன்.
"மடக்குவது வேறு, மண்டியிடுவது வேறு
என்று உன் அட்டவணையில் இருக்கிறதா?"
கோணமானியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

மூன்றாம் வாரம், சனிக்கிழமை,
டிராம் சீக்கிரம் வந்துவிட்டது.
ஏழு மணி, வெளியே இன்னும் இருட்டு,
ஜன்னல் விளிம்பெல்லாம் உறைபனி.
அவர் கட்டில் காலி.
கட்டிலுக்கு அப்பால் தரையில்
சட்டையில்லாத முதுகு.

ஊன்றுகோலின் ரப்பர் குப்பி உருண்டு
பக்கத்துக் கட்டிலுக்கடியில் போயிருக்கிறது.
பக்கத்துக் கட்டில்காரர் தூங்குகிறார்,
அல்லது அந்த அளவுக்கு நல்லவர்.
லினோலியத்தின் மேல் இரண்டு நட்சத்திரமும்.
கை உள்ளே துழாவுகிறது,
வாய் அந்த ரப்பரின் அம்மாவைப் பற்றி
மெதுவாகப் பேசுகிறது.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டேன்.
வராந்தாவில் நின்று
இருமினேன்,
பலமாக, இரண்டு தடவை.
பத்துவரை எண்ணினேன். இருபதுவரை.

உள்ளே போனபோது கட்டிலில் இருந்தார்,
போர்வை இடுப்புவரை,
குப்பி ஊன்றுகோலில்,
நெற்றியில் வேர்வை.
"உனக்கு நல்ல சளி" என்றார்.
"ஆமாம்" என்றேன்.
அளக்காமலே எழுதினேன்:
தொண்ணூறு.