பத்தி பதினேழு

இரவு பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு
ஸ்வோனிமிர் ஏணியோடு வருவான்.

வியன்னா. மூன்றாம் மாடி மண்டபம்.
வரவுசெலவுக் குழுவின் கடைசி நாள்.
நள்ளிரவுக்குள் முடியாத கூட்டம்
விதிப்படி செத்த கூட்டம்.
ஆகவே கடிகாரத்தை நிறுத்திவிடுவோம்.
இருபத்தாறு வருட வழக்கம்;
எந்த விதிப்புத்தகத்திலும் கிடையாது.

நாடுகள் ஒத்துப்போகாத சொற்களைச்
சதுர அடைப்புக்குறிக்குள் போடுவது என் வேலை.
ஒத்துப்போனால் எடுத்துவிடுவேன்.
எடுத்ததைவிடப் போட்டதுதான் அதிகம்.

பத்தி பதினேழு:
பணியிடங்களைத் துறைவிட்டுத் துறை மாற்றத்
தலைமைச் செயலருக்கு
[முழு] [வரம்புக்குட்பட்ட] [ ] நெகிழ்வு அளிப்பது பற்றி.
கடைசி அடைப்புக்குள் ஒன்றுமில்லை.
எந்தச் சொல்லும் வேண்டாம் என்றவர்
அந்த ஒன்றுமில்லாததற்கும் ஓர் இடம் கேட்டார்.
கொடுத்தேன்.

"ஒரு நாற்காலியை நகர்த்த ஒன்பது மாதம்"
என்றார் மார்ட்யே ஊஸ்டர்பான்.
அதிகம் பணம் கட்டும் நாடுகளின் குரல் அது.
"கம்பெனியாக இருந்தால் எப்போதோ திவால்."

தெபோகோ மொலெஃபி ஒலிவாங்கியை அழுத்தக்
கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.
"கம்பெனியில் பங்குக்கு ஒரு வாக்கு, அம்மணி.
இங்கே நாட்டுக்கு ஒன்று.
நெகிழ்த்தப் பார்ப்பது அதைத்தானே?"

மொழிபெயர்ப்புக் கூண்டுகளில் ஆறு மொழிகள்
ஒன்றன்பின் ஒன்றாக மூச்சுவிட்டன.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்
என்பது ஒரு கட்சி.
அகப்பை யார் கையில் என்பது மறு கட்சி.
சீர்திருத்தம் என்ற சொல்லை
இரண்டு பக்கமும் ஒரே மரியாதையோடுதான் உச்சரித்தன,
சண்டைக்காரர்கள் சாமி பேரைச் சொல்வதுபோல.

இரண்டு மணிக்கு இடைவேளை.
காப்பி இயந்திரத்தின் முன் தெபோகோ
சில்லறை தேடிக்கொண்டிருந்தார்.
"மசேரு அலுவலகத்தில்
தண்ணீர்ப் பொறியாளர் இருக்கை
இரண்டு வருடமாகக் காலி," என்றார், என்னைப் பார்க்காமல்.
"என் ஊர்தான்.
இந்தப் பத்தி நிறைவேறினால்
ஒரு வாரத்தில் ஆள் வரும். தெரியும்.
ஆனால் இன்று கேட்காமல் கொடுக்கிறவன்
நாளைக்குக் கேட்காமல் எடுப்பான்."
இயந்திரம் அவர் நாணயத்தைத் துப்பியது.
என்னுடையதைப் போட்டேன்.

ஜூன் மாதம். நாலரைக்கே வெளுத்துவிடும்.
சுவரில் இன்னும் பதினொன்று ஐம்பத்தெட்டு;
கண்ணாடிக்கு வெளியே பறவைகளுக்கு
அது தெரியவில்லை.

யாரோ ஒருவர் ஷூவைக் கழற்றிவிட்டு உறங்கினார்.
மார்ட்யே தன் தலைநகரத்தை எழுப்பிப் பேசினார்.
தெபோகோ தன் குழுவை எழுப்பிப் பேசினார்.
ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில்
பத்தி பதினேழு இப்படி ஆயிற்று:
குறித்துக்கொள்கிறது;
அடுத்த அமர்வுக்கு விரிவான அறிக்கை கோருகிறது.
முழு போயிற்று, வரம்பு போயிற்று,
காலி அடைப்பும் போயிற்று.
கைதட்டினார்கள்.
மார்ட்யேவும் தெபோகோவும்
ஒரே வாழைப்பழத்தைப் பாதி பாதியாகத் தின்றார்கள்.

ஏதாவது மாறியதாகக் காட்ட வேண்டுமே.
மூன்றாம் பின்னிணைப்பு, நாற்பத்தொன்றாம் வரி:
மின்பணியாளர், பணியிடம் ஒன்று, நீக்கம்.
போன வாரம் நான்தான் தட்டச்சு செய்தேன்.
நூற்றறுபத்து மூன்று நாடுகளில் எதுவும்
அந்த வரிக்கு அடைப்புக்குறி கேட்கவில்லை.
கேட்காமல் போட எனக்கு அதிகாரமில்லை.
விசை என் விரலுக்கடியிலேயே இருந்தது.

ஸ்வோனிமிர் ஏணியில் ஏறி
தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து முள்ளை நகர்த்தினான்.
ஐந்து மணி நேரம் ஒரே சுற்றில் போயிற்று.
"எல்லா அடைப்பையும் எடுத்துவிட்டாயா?"
"எல்லாவற்றையும்."
"அப்படியானால் நல்ல இரவு," என்றான்.

முதல் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.
பாலத்துக்குக் கீழே டான்யூப்
யாரிடமும் அனுமதி கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.
"அந்தக் கடிகார மோட்டார் தேய்ந்துவிட்டது,"
என்றான் கொட்டாவிக்கு நடுவே.
"அடுத்த வருடத்துக்குள் புதிது போடணும். ஞாபகப்படுத்து."
சரி என்றேன்.