ஈரமானி

வருசத்தின் கடைசி ஏலம் மூன்றரைக்கு முடிந்தது.
திரைகள் அணைந்தன.
சிந்திய மாதிரிக் காய்களைக் கூட்டி அள்ளும் பெண்கள்
நாற்காலிகளுக்கு அடியில் குனிந்தார்கள்.
போடியில் ஏலம் என்றால் காயும் அதுதான்,
காயை விலை கூறுவதும் அதுதான்.
வெளியூர்க்காரர்கள் கேட்டுச் சிரிப்பார்கள்.

ராவுத்தர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.
"எங்கெங்க கைய விட்டோம்னு எழுதிக் குடும்மா.
திட்ட மாட்டேன்.
திட்டவேண்டியத அந்தந்த மாசமே திட்டியாச்சு."

மே மாதம், நாற்பத்தேழாம் லாட்.
கட்டப்பனைக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்,
பொம்பளைக்கு இந்த வேலை எதற்கு என்பது போல.
அந்தப் பார்வைக்காக
விசையை இன்னும் நான்கு தடவை அழுத்தினேன்.
முன்னூற்றுப் பன்னிரண்டு கிலோ, கிலோவுக்கு நாற்பது கூடுதல்.
பன்னிரண்டாயிரத்து நானூற்று எண்பது ரூபாய்,
என் மூக்கு ஒரு சாயங்காலம் நிமிர்ந்திருந்த செலவு.

செப்டம்பரில் கான்பூர் பார்ட்டி.
தங்கச்சி என்று இந்தியில் கூப்பிட்டார்.
இருபது மூட்டை, கடனில்.
இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று
இப்போது அதே இந்தியில் ஒருத்தி சொல்கிறாள்,
அவளும் இனிமையாகத்தான்.

ஜூலையைக் கடைசிக்குத் தள்ளியிருந்தேன்.
சாரல். ஈரம் போகாத சரக்கைக் கிடங்கில் அடுக்கியது.
அறுபத்தாறு மூட்டையில் பதினொன்று பூஞ்சை.
காரணம் என்ற இடத்தில் அன்றைக்கே எழுதி வைத்திருந்தேன்:
கிடங்குப் பையன் கவனக்குறைவு.
அதைப் பார்த்து எழுதப் பேனாவை வைத்தேன்.
தாளில் ஒரு புள்ளி ஊறிப் பெரிதாகிக்கொண்டே போனது.

பையனுக்குச் சுருளிவேல் என்று பெயர்.
ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து ஜீப் ஓட்டுகிறான்,
விடிவதற்குள் மலையேறி, கேரளத்துத் தோட்டங்களில் ஆள் இறக்கி,
வெயில் தாழ இறங்கி வருவான்.

முந்தல் செக்போஸ்டில் ஸ்கூட்டரை நிறுத்திக் காத்திருந்தேன்.
மன்னிப்பை நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தபடிதான் வந்தேன்.
ஜீப் வந்தது. உள்ளே பதினான்கு பெண்கள், பதினான்கு தூக்குவாளிகள்.
இறங்கி டயரைக் காலால் தட்டிக்கொண்டே சொன்னான்:
"ஈரமானியில பேட்டரி போயிருச்சுனு ரெண்டு தடவ சொன்னேன்க்கா.
ரெண்டாவது தடவ நீங்க போன்ல இருந்தீங்க.
ஒரு வெரல மட்டும் காட்டுனீங்க, இருன்னு."

குரலில் கோபம் இல்லை.
இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.
அந்த விரலைப் பார்த்தேன்.
மே மாதம் விசையை அழுத்தியதும் அதுதான்.

"முதலாளிட்ட சொல்லப்போறேன்."
என்னிடமிருந்து வந்தது அவ்வளவுதான்.
"சொல்லுங்க. ஆனா திரும்பக் கூப்பிடாதீங்க.
இங்க அன்னன்னைக்குக் காசு. மேல பனி நல்லாருக்கு."
உள்ளிருந்து ஒரு குரல்:
"ஏம்ப்பா, பேச்ச வண்டியில ஏத்திக்கிட்டாவது எடு,
வீட்ல ஒல வைக்கணும்."
சிரித்துக்கொண்டே ஏறினான்.
புகை அடங்கும்வரை நின்றேன்.

திரும்பிப் போய்
கிடங்குப் பையன் என்பதை அடித்துவிட்டு
என் பெயரை எழுதினேன். இன்ஷியலோடு.
ராவுத்தர் வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி வாசித்தார்.
தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டார்:
"பேட்டரி போட்டியா?"

ஜூலையிலிருந்து போடவில்லை.
ஐந்து மாதம் நகத்தால் கீறியும் காதோரம் குலுக்கியும்
எல்லாம் தெரிந்தவள்போல் வாங்கியிருக்கிறேன்.

கேக் கடைகளின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு
இரவு ஒன்பதுக்கு ஒரு எலக்ட்ரிகல் கடை கிடைத்தது.
பாதி இறங்கிய ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தேன்.
ஒன்பது வோல்ட், சதுரக்கட்டை.
"ரொம்ப நாள் சரக்கு, உசுரு இருக்கானு பாத்துக்கங்க" என்றார்.
அங்கேயே நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

சுரீரென்றது.