தொழில்: கீப்பர்

கைரேகைக் கருவி
என் வலது சுண்டுவிரலை ஏற்கவில்லை.
நேராக வை என்கிறாள் கவுன்ட்டர்ப் பெண்.
அது கடைசியாக நேராக இருந்தது
கொச்சியில், ஒரு அரையிறுதியின்
எழுபதாம் நிமிடம் வரை.

மூன்று முறை கண்ணாடியைத் துடைத்தாள்.
நான்காம் முறை அட்டை வந்தது:
பிலேந்திரன் சூசை.
தொழில் என்ற இடத்தில்
ஸ்டோர் கீப்பர்.

கிளப் கணக்கர் ஹமூத் அன்று
காதில் விழுந்ததை எழுதிவிட்டார்.
என்ன வேலை பார்த்தாய்?
கீப்பர்.
தப்பென்று எப்படிச் சொல்ல.
பதினாறு வருடம் பார்த்தது கிடங்குதான்.
எட்டடி உயரம், எட்டு கெஜம் அகலம்.
கதவில்லை, பூட்டில்லை,
உள்ளே ஒரு பொருளும் இல்லை.
அதைத்தான் அத்தனை பேர் திருட வந்தார்கள்.

பிடித்ததெல்லாம் மறந்துவிட்டது.
விட்டதைக் கேளுங்கள், சொல்கிறேன்.
மழையில் வழுக்கிக்
காலிடுக்கில் போனது.
மட்காவில் என் சொந்த ஸ்டாப்பர்
தலையில் பட்டுத் திரும்பியது.
அப்பா ஐ.சி.யு.வில் கிடந்த வாரம்
நான் பார்த்துக்கொண்டே நின்ற ஒன்று.
அது மட்டும் இன்னும்
உள்ளே வந்துகொண்டேயிருக்கிறது.

இப்போது சூர் நகரத்தில்
இஷா தொழுகை முடிந்தபின் பயிற்சி.
ராத்திரியிலும் சட்டை முதுகை விடாது.
பிலேந்திரன் யார் வாயிலும் நிற்காமல்
பிலால் ஆகிவிட்டேன்.
இரண்டாம் டிவிஷன். கீப்பர்கள் மூன்று பேர்.
ஒருவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.
ஒருவனுக்கு எதிலும் பயமில்லை,
எனக்கு அதுதான் பயம்.
மூன்றாவது ஜுமா.
கேஸ் ஆலையில் ஷிஃப்ட் முடித்து
பாதித் தூக்கத்தில் கிளவுஸ் மாட்டுவான்.

ஒரு ராத்திரிக்கு நூற்றுப்பத்துப் பந்து அடிக்கிறேன்.
ஆயுள் முழுக்கத் தடுத்தவன்
அடிக்கிறவனாக ஆன வேடிக்கை
என் முழங்காலுக்கு மட்டும் தெரியும்.

வியாழக்கிழமை ஆட்டம்.
எண்பத்தெட்டாம் நிமிடம் பெனால்டி.
எதிரணி ஒன்பதாம் எண்காரன் அடித்த
பதினோரு பெனால்டிகளைப் போனில் பார்த்து
தண்ணீர் பாட்டிலில் டேப் ஒட்டி
என் கோணல் அரபியில் எழுதியிருந்தேன்: இடது.
ஜுமா பாட்டிலைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
வலப்பக்கம் பாய்ந்தான்.

பெஞ்சில் நான் இடப்பக்கம் பாய்ந்து
பிசியோவின் மடியில் கிடந்தேன்.
கூச்சல் கேட்டுத்தான் தெரிந்தது
பந்து அவன் நெஞ்சோடு இருப்பது.

ஏன்டா, என்றேன் தமிழிலேயே.
அவனுக்கு அந்த ஒரு சொல் தெரியும்.
'அவனும் பாட்டிலைப் படித்துவிட்டான், கோச்.'

பஸ்ஸில் பின்சீட்டு முழுக்கக் கைதட்டல்.
கிரேன்காரன் வாயால் மேளம் அடிக்கிறான்.
காலி பாட்டிலிலிருந்து
டேப்பைக் கிழியாமல் உரித்து
சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டேன்,
பழைய பழக்கம்.
எழுத்து உள்பக்கமாக.